தரையைத் தொடாத மேசை

தெருவில் அவரைப் போன் டாக்டர் என்றே அழைத்தார்கள். பிறர் கைவிட்ட கைப்பேசிகளைப் பிழைக்கவைத்ததால் வந்த பெயர் அது. அண்மைக் காலமாக, உயிரோடு வந்தவைகூட அவர் மேசையில் மடிந்தன. கடுகினும் சிறிய சில்லுகளை இடுக்கியால் வைக்கும்போது, ஒன்று நகர்ந்து பக்கத்துச் சில்லையும் கெடுத்தது. தான் வேலை பார்த்த கடையின் மேசை ஆடுகிறது என்றார் அவர். கடைக்காரர் மேசையை மாற்றினார்; பலனில்லை.

"வீட்டுல அமைதியா வச்சுப் பாருங்க. இது சரியா வந்தா தொடர்ந்து வேலை தர்றேன். வரலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்று கடைக்காரர் ஒரு கைப்பேசியைக் கொடுத்தனுப்பினார். போன் டாக்டருக்கு வேறு தொழில் தெரியாது. அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த ஒரு கைப்பேசியில் தொங்கியது.

வீடு என்பது மாடியில் ஓர் அறை. தளம் பலகையால் ஆனது. சன்னலருகே மனைவியின் தையல் மிஷின் இருந்தது.

"நீ மிதிச்சா வீடே பஸ் மாதிரி குலுங்குது. இதுல நான் எங்கேருந்து சில்லு வைக்கிறது?"

"கல்யாணமான நாள்லேருந்து இதே பஸ்ஸுலதானே வர்றீங்க? இப்பதான் குலுங்குதாக்கும்!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தரைதான் பகை என்றால், தரையைத் தொடாத மேசை வேண்டும் என்று முடிவு செய்தார். வெளிச்சுவர் தடித்த செங்கற்சுவர். அதில் இரும்புத் தாங்கிகளைப் பொருத்தி, அவற்றின்மேல் பலகையை முடுக்கிவிட்டால் கால்களே தேவையில்லை. மனைவியின் தம்பி, பெயின்டர், பலகையைத் தாங்கிப் பிடிக்க வந்தான்.

துளையிடும் கருவியைப் பிடித்தபோது போன் டாக்டரின் கை பாறைபோல் நின்றது. கருவியின் கனமே கையை அடக்கிவைத்தது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. துளைகளில் பிளாஸ்டிக் ஆப்புகளை அடித்து, தாங்கிகளைத் திருகாணிகளால் இறுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"மாமா, இதுமேல நான் ஏறிப் படுத்துக்கலாம் போலிருக்கே!"

"படுத்துடாதேடா. அப்புறம் உன்னை எழுப்புறதுக்கு ஆள் தேடணும்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டு, மிஷினை வேகமாக மிதிக்கும்படி அவளிடம் சொன்னார் அவர். தரை அதிர்ந்தது; தண்ணீர் அசையவில்லை.

"தூங்குது பாரு தண்ணி!" என்று குழந்தையைப்போல் கூவினார்.

மறுநாள் அந்த மேசைமுன் அமர்ந்தார். வெப்பக் காற்றை ஊதும் கருவி இரைந்தது. வேறெதுவும் காதில் விழவில்லை. பழைய சில்லைக் கழற்றியாயிற்று. புதியதை இடுக்கியில் எடுத்து உரிய இடத்துக்குமேல் கொண்டுசென்றார். பூதக்கண்ணாடிக்குக் கீழே அது துடித்தது.

"மிஷினை நிறுத்து!" என்றார்.

மீண்டும் முயன்றார். மீண்டும் துடித்தது.

"நிறுத்துன்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

மனைவி மிஷினில் இல்லை. தரையில் அமர்ந்து, ஒரு சட்டைக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் ஓடலைங்க."

"கீழ் வீட்டுல எதையோ இடிக்கிறாங்க போல."

"கீழ் வீடு பூட்டிக்கிடக்கு."

அவர் ஊதும் கருவியை நிறுத்தினார். அறை அமைதியானது. இடுக்கியின் முனை மட்டும் பலகையில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்களுக்கு டீயை அரை டம்ளர்தான் ஊத்தித் தர்றேன். கவனிச்சீங்களா?"

"கஞ்சத்தனம்னு நினைச்சேன்."

"அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"பின்னே எதுக்கு இவ்வளவு பாடுபட்டு மேசை போட விட்டே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என் மிஷின்தான் காரணமா இருக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."

பிரித்த கைப்பேசியைப் பிரித்தபடியே டப்பாவில் வைத்து, அன்று மாலையே அவர் கடைக்குப் போனார். சுவர் சரியில்லை என்றோ, பலகை வளைந்துவிட்டது என்றோ சொல்லலாம். இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். வழி முழுவதும் அதைத்தான் அவர் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார்.

"என்ன டாக்டரே, மேசை சரியா அமையலையா?" என்றார் கடைக்காரர்.

"மேசை நல்லா அமைஞ்சிருக்கு. கை போயிடுச்சு."

கடைக்காரர் டப்பாவை வாங்கி உள்ளே வைத்தார். "கடைச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல?" என்றார், மிகவும் மெதுவாக.

போன் டாக்டர் சட்டைப்பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து நீட்டினார். கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். வளையத்திலிருந்த சாவிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அவசரமாகக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும்வரை, போன் டாக்டர் நீட்டிய கையை மடக்கவில்லை.