இரண்டு பாத்திரப் பால்

எங்கள் வீட்டில் தினமும் காலையில் இரண்டு பாத்திரத்தில் பால் கொதிக்கும். சில்வர் பாத்திரத்தில் பாக்கெட் பால். அது என் கணவருக்கும் மகனுக்கும். நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தில் பவுடர் பால். அது எனக்கும் மகளுக்கும். யாரும் சட்டம் போடவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் பால் விலை ஏறிய ஒரு மாதம், மளிகைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று அவர் பால்பவுடர் பாக்கெட் ஒரு சரம் வாங்கி வந்தார். "டீக்குத்தானே, இது போதும்ல" என்றார். முதல் நாள் எல்லோருக்கும் அதில்தான் போட்டேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுநாள் அவருக்கு மட்டும் பாக்கெட் பால் வந்தது. வளர்கிற பையன் என்று மகனும் அந்தப் பக்கம் போனான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சிக்கனம் முழுவதும் எங்கள் இரண்டு பேர் தம்ளரில் வந்து உட்கார்ந்தது.

சிக்கனம் பேசிய மனிதர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே பத்தடியில் டீக்கடை. ஒரு நாளைக்கு நாலு டீ, கூட ஒரு வடை. அதெல்லாம் செலவில் சேராது போல.

நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் பவுடர் கட்டி தட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துவிட்டு அப்புறம் ஊற்ற வேண்டும். ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் வாடை தெரியாது. இதையெல்லாம் பக்கத்து வீடுகளுக்கும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மகள் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். பிள்ளைக்கு உடம்பில் சத்தே இல்லை, தினமும் நல்ல பாலும் முட்டையும் கொடுங்கள் என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து சில்வர் பாத்திரத்துப் பாலில் அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைத்தேன். நாலாம் நாள் அடுப்படிக்குள் நுழைந்தால், அந்தப் பாலை அண்ணன் தம்ளரில் ஊற்றிவிட்டு, தனக்குப் பவுடர் குழைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பண்ற?"

"அண்ணே ஜிம்முக்குப் போகுதுல்லம்மா. எனக்கு இதே போதும்."

எனக்கு எங்கிருந்து அம்புட்டு ஆத்திரம் வந்ததோ. அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்தேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். குளித்துவிட்டுத் துண்டோடு வந்த என் கணவர், "காலங்காத்தால எதுக்கு இந்தச் சத்தம்? அவளே வேணாங்குறா, உனக்கென்ன?" என்றார்.

"அவளா சொல்றா? இத்தன வருசமா நான் குடிச்சதப் பாத்துச் சொல்றா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பேச முடியாதபோது அவருக்குக் கடை ஞாபகம் வந்துவிடும்.

மகன் தம்ளரில் இருந்த பாலை எடுத்து மகளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்" என்றாள், அழுதுகொண்டே. சரி என்று எனக்கும் ஒரு தம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

ஒரு வாய் குடித்தேன். கொழகொழவென்று ஆடை நாக்கில் ஒட்டியது. குமட்டியது. எனக்கு நல்ல பால் பிடிக்காமல் போயிருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாருக்கு, குடி" என்றேன்.