எஸ்மி அக்ராய்டின் ஒன்பது பலகைகள்

"தனியே வசிக்கும் முதியவர். நடமாட்டம் குறைவு. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலாது. இலகுவான வீட்டு வேலைகள் மட்டும், அதுவும் துணையோடு."

எஸ்மி அக்ராய்டைப் பற்றி நகராட்சிக் கோப்பில் இருப்பது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து எழுதிய நகராட்சிப் பெண்மீது குற்றமில்லை. கையைத் தூக்கச் சொன்னாள், பார்த்தாள், குறித்துக்கொண்டாள். கால்களைப் பற்றிக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. யார்க்‌ஷயரின் செங்குத்தான தெருக்களில் முப்பத்திரண்டு வருஷம் தபால் பையோடு ஏறி இறங்கிய கால்கள் அவை.

ஓய்வு பெற்றபின் எஸ்மி தன் கார் ஷெட்டில் ஒரு லேத்தைப் போட்டு, பள்ளத்தாக்கிலிருந்த கிரிக்கெட் சங்கங்களுக்கெல்லாம் ஸ்டம்ப் கடைந்து கொடுத்தாள். கோடையில் நடுகிற ஸ்டம்பைக் குளிர்காலத்தில்தான் கடைய வேண்டும். ஷெட்டுக்கு மேலே வெறும் தகரம். நாள் முழுக்க ஹீட்டர் ஓடினாலும் நாலு டிகிரியைத் தாண்டாது. போன பிப்ரவரியில் அவளுக்கு நிமோனியா வந்தது. லீட்ஸிலிருந்து மகன் டங்கன் ஓடிவந்தான்.

"போதும்மா. லேத்தை யாருக்காவது குடுத்துரு."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"அதுக்குத்தானே பாத்தே!"

இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். டிசம்பர் முதல் தேதி காலை, ஒரே ஒரு மணி நேரம் ஹீட்டர். ஷெட்டில் பன்னிரண்டு டிகிரி வந்தால் லேத் இருக்கும். வராவிட்டால் டங்கன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

அக்டோபரில் சுவருக்கு நுரைப் பலகை ஒட்டினாள். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தாள். மேலே விட்டங்களுக்கு நடுவே கம்பளிச் சுருளைத் திணித்து வலை கட்டினாள். மிச்சம் இருந்தது விட்டங்களுக்குக் கீழே ஜிப்சம் பலகையால் மச்சு, அதாவது உட்கூரை, அடைப்பது. அது இரண்டு ஆள் வேலை.

ஆளுக்கா பஞ்சம்? தெருவே தயாராக இருந்தது. "ஏதாவது வேணும்னா ஒரு குரல் குடு, கண்ணு" என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அந்த ஊரில் கூப்பிடாமல் போவது அத்துமீறல். கூப்பிடுவது அதைவிடப் பெரிய அவமானம். ஆகவே எல்லோரும் உதவும் எண்ணத்தோடு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார்கள். பக்கத்து வீட்டு ராய்ஸ்டன் ஹெப்பிள்வைட் நாற்பது வருஷம் பூச்சு வேலை பார்த்தவர். அவர் நின்றதுதான் அதிக நேரம்.

எஸ்மி சாரம் கட்டி, அதன்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, மச்சுக்கு முக்கால் கஜம் கீழே மல்லாந்து படுத்தாள். பலகையின் ஒரு விளிம்பைச் சுவரில் அடித்த சட்டத்தின்மேல் வைத்து, மற்றதை இரண்டு பாதங்களாலும் உந்தி விட்டத்தோடு அழுத்தினாள். கை நெஞ்சுக்கு நேரே நீண்டு ஸ்குரூவை முடுக்கியது. கோப்பை அவள் எழுத்துக்கு எழுத்து மதித்தாள் என்றே சொல்லவேண்டும்: படுத்திருப்பவளின் கை தோளுக்கு மேலே போவதில்லை.

முதல் பலகை கம்பளிக் காலுறையில் வழுக்கி, தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. கூடுதலாக வாங்கியிருந்தது ஒன்றே ஒன்று. எஸ்மி இறங்கி, ஒரு கோப்பை தேநீர் குடித்து, ரப்பர் அடிப்பாகம் போட்ட பழைய டென்னிஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

சத்தம் கேட்ட ராய்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் வந்து நின்றவர் பார்த்தது ஒரு பலகையையும் அதைத் தாங்கிய இரண்டு ஷூக்களையும்தான்.

"எஸ்மி! என்ன கூத்து இது? கூப்பிடுன்னு சொன்னேன்ல?"

"முதுகு வலின்னும் நீதானே சொன்னே?"

"காலால பலகை ஏத்துறதை நான் எங்கயும் பாத்ததில்ல."

"அப்ப பாத்துக்கோ. வெளிச்சத்தை மறைக்காம பாரு."

எஸ்மி இணைப்புகளில் பட்டி பார்த்துத் தேய்த்து முடித்ததும் ராய்ஸ்டன் டார்ச்சோடு வந்தார், யாரும் கூப்பிடாமலேயே. மச்சை ஒட்டி வெளிச்சத்தைச் சாய்த்து இணைப்பு இணைப்பாகத் தேடினார்.

"மேல காத்து போக வழி விட்டியா? இல்லேன்னா கம்பளி ஊறிப்போயிரும்."

"ரெண்டு பக்கமும் விட்டிருக்கேன்."

டார்ச்சை அணைத்தார். "மோசமில்ல" என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவர் தன் சொந்த வேலைக்கே அதைச் சொன்னதில்லை. எஸ்மிக்குக் காது வரை சிவந்தது. பட்டித் தூசு என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

டிசம்பர் முதல் தேதி வெளியே மைனஸ் இரண்டு. டங்கன் வேனோடு வந்தான். ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடியது. வெப்பமானியைத் தட்டிப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான். பதினாலு. கோட்டைக் கழற்றினான்.

"யாரும்மா மேல ஏத்தினது?"

"நான்தான்."

எழுபத்தொரு வயதில் எஸ்மி அக்ராய்ட் ஒன்பது ஜிப்சம் பலகைகளையும் எட்டு நாளில், தனியாக, மல்லாந்து படுத்துக் காலால் தூக்கி மச்சில் பொருத்தினாள். அந்தக் குளிர்காலத்தில் நாற்பது செட் ஸ்டம்ப் கடைந்தாள்.