நீலத்துக்குள் ஒரு வரப்பு

ஒச்சப்பனுக்கு மின்சார இலாகாவில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அரசாங்கத்துக்காகச் சைக்கிள் மிதிப்பார். ஏழாவது நாள் யாரும் கேட்காமலே மிதிப்பார். சிப்பிகாட் தாண்டி எங்கள் பக்கத்தில் இருக்கிற சந்து, மேட்டுப்பாதை, பாக்குத்தோப்புக்குள் நுழைகிற ஒற்றையடி எல்லாவற்றையும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் கிடக்கிற ஒரு வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்குச் சம்பளம் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து பதினைந்து வருஷம். கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை இப்படித் திரிய விடுவாளா?

கைப்பிடியில் பழைய ட்யூபை வெட்டிக் கட்டிய போன் இருக்கும். அவர் போகிற வழியை அது கோடாகப் பதிந்துகொண்டே வரும். திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். நாய் துரத்தினாலும் மிதிப்பதில் வேகம் கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் அபர்டீன் பஜாருக்குப் போய் பிரௌசிங் சென்டரில் உட்காருவார். எங்கள் தீவு நெட்டின் வேகத்துக்கு, ஒரு தெரு ஏறுவதற்குள் இரண்டு டீ முடிந்துவிடும்.

2012-இல் எங்கள் சந்துக்கு வந்து பேர் கேட்டார். எங்கள் சந்துக்குப் பேரே கிடையாது. பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுபோன எனக்கும் பொழுது போக வேண்டுமே.

"ஷோபனா ரோடு, மாமா" என்றேன்.

ஷோபனா எதிர்வீட்டுக்காரி. அன்றைக்கு எனக்கும் அவளுக்கும் சண்டை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆறு மாதத்தில் கேஸ் சிலிண்டர் போடுகிற பெங்காலிப் பையன் தெருமுனையில் நின்று, "ஷோபனா ரோடு யஹீ ஹை க்யா?" என்று இந்தியில் கத்தினான், இதுதானா அது என்று. ஷோபனா விளக்குமாற்றை எடுத்தாள்.

விஷயம் ஒச்சப்பன் காதுக்குப் போய், அடுத்த ஞாயிறு வந்து நின்றார்.

"ஏம்மா சுதா, புளுகா சொன்ன?"

"ஆமா மாமா. அழிச்சிருங்க."

நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத் திரும்பினார். "நாலு வீட்லயும் ஷோபனா ரோடுன்னுதான் சொல்றாக. இனி நீயே நெனச்சாலும் அழிக்க முடியாது. ஊருல என்ன இருக்கோ அதத்தான் நான் போடுவேன்."

வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த என் அம்மா அழகம்மா, அந்தப் பேச்சைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எங்க வயல காட்டு, பாப்போம்."

மற்ற ஊர்களில் சுனாமி வந்தது, போனது. எங்கள் ஊரில் வந்தது போகவில்லை. பூமி ஆடியதில் நிலம் இடுப்பளவு இறங்கிவிட்டது என்றார்கள். அன்று முதல் கடல் தினம் இரண்டு வேளை எங்கள் வயலில் ஏறும், இரண்டு வேளை வற்றும். வற்றுகிறபோது வரப்பின் முதுகு தெரியும். அம்மா அதில் நடந்துவிட்டு வருவாள். கேட்டால், "வயலப் பாத்துட்டு வாரேன்" என்பாள். "இந்தப் போகம் நண்டு எத்தன மூட்டை?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

ஒச்சப்பன் போனை நீட்டினார். வயல் இருந்த இடம் முழுக்க நீலம்.

"இது என்னய்யா நீலம்?"

"கடலுதான்க்கா. மேலருந்து எடுத்த படத்தப் பாத்து நாந்தான் போட்டேன்."

"அது என் வயலு."

"தண்ணி நிக்குதேக்கா."

"இந்தக் கழுத புளுகுன பேரு நிக்கும். நான் தெனம் நடக்குற வரப்பு நிக்காதோ?"

தண்ணீர் என்றைக்கு நன்றாக வற்றும் என்று கேட்டு ஒச்சப்பன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நான் என்றால் ஓடியிருப்பேன்.

அமாவாசையன்று மதியம் மூன்றரைக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒச்சப்பன் சைக்கிளோடு வரப்பில் இறங்கினார்.

"நடந்து போக வேண்டியதுதான மாமா?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"சைக்கிள் போச்சுன்னா அது பாதைம்மா!"

இருபது அடி ஓட்டினார். "நேராப் போகாத, மடை வாயி!" என்று அம்மா கூவுவதற்குள் சைக்கிளும் ஆளும் சேற்றில். போனைப் பிடித்த கை மட்டும் மேலே நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்து அவரை மேலே ஏற்றினாள். அதற்கப்புறம் அவள் கையை நீட்டி நீட்டி நாற்றங்கால் இங்கே, களம் இங்கே என்று காட்டிக்கொண்டே போனாள். அவரும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். தூரத்தில் இரண்டு பேரும் சின்னதாகிவிட்டார்கள். என் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பும்போது தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது.

அடுத்த ஞாயிறு போனோடு வந்தார். நீலம் அப்படியேதான் இருந்தது. அதற்குள் விட்டு விட்டு ஒரு கோடு, ஒன்பது திருப்பத்தோடு. மேலே, 'அழகம்மா வயல் வரப்பு. தண்ணீர் வற்றும்போது மட்டும்.'

"நீலத்த எடுக்கலையா?"

"எடுக்கலக்கா. இதப் பாத்துட்டு வெளியூர்க்காரன் எவனாவது தண்ணி ஏறுற நேரத்துல எறங்கிட்டான்னா?"

அம்மா போனை வாங்கி ஒவ்வொரு திருப்பமாக விரலை வைத்துக்கொண்டே போனாள். சண்டை வரப்போகிறது என்று எதிர்வீட்டு வாசலில் நின்ற ஷோபனாவுக்கு ஜாடை காட்டினேன்.

"மடை வாயப் போடலையே" என்றாள் அம்மா. "எறங்குனா ஆளையே முக்கிரும்."

"எங்கக்கா, இங்கயா?"

"இன்னுங் கெழக்க. கடலு அங்கனதான் மொதல்ல ஒடச்சு வந்துச்சு."

சுனாமிக்குப் பிந்தைய எட்டு வருஷத்தில், வயலுக்குள் கடல் வந்தது என்று அவள் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். ஒச்சப்பன் நீலத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார்.

"சரியா இருக்கா?"

"இருக்கு. ஆழம்னு எழுது" என்றாள்.