மேடேறிய தெரு

சங்கரம்மாளும் தாணுலிங்கமும் தூத்துக்குடியில் வீடு கட்டியபோது, வாசல் தெருவைவிட உயரமாக இருந்தது. ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டார்கள். தெரு ஏற ஏற வீடு பள்ளத்துக்குள் இறங்கியது. கடைசியில் கேட்டிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் சிமெண்டில் ஒரு சரிவு போடவேண்டியதாயிற்று.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷத்து மார்கழி வெள்ளம் அந்தச் சரிவு வழியாகத்தான் உள்ளே வந்தது. பலசரக்குக் கடைக்குப் போகக் கிளம்பியிருந்த தாணுலிங்கம், முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரை நகர்த்தப் போனார். மின்சாரத்தை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. மோட்டார் சுவிட்சுப் பெட்டி தண்ணீருக்குள் கிடந்தது.

"நீ உள்ளயே இரிளா" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்திருந்தது.

அதிலிருந்து சங்கரம்மாள் பின்வாசலில்தான் போய்வந்தாள். மழை பிடித்தால், முன்பக்கம் யாரோ ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்கும். ஸ்கூட்டரை எப்போதோ விற்றாகிவிட்டது.

"வீட்ட வித்துட்டு எங்கூட வந்துருங்கம்மா" என்று மதுரையிலிருந்து மகள் முத்துச்செல்வி போனில் அழுதாள்.

"அவரு அங்கன நிக்காருளா. விட்டுட்டு எப்பிடி வாரது?"

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கொத்தனார் நேசக்குமாரைக் கூப்பிட்டாள். "கேட்டு ஓரமா மேடு கட்டிரு. ஒரு சொட்டு உள்ள இறங்கக் கூடாது."

"கட்டிரலாம்க்கா. வார தண்ணி எங்கயாவது போவணும்லா?"

"எங்கயாவது போவட்டும்."

மேடு இடுப்பளவு எழும்பியது. ஐப்பசியில் கனத்த மழை பெய்த ஒரு காலை, அதன் பின்னால் நின்று பார்த்தாள். தெருத்தண்ணீர் முட்டித் திரும்பியது. சரிவில் மழைத்துளிகள் மட்டும் தெறித்தன. ஸ்டாண்டு சத்தமும் கேட்கவில்லை. அவர் போய்விட்டாரோ என்று சரிவைக் குனிந்து பார்த்தாள்.

நிமிர்ந்தாள். திரும்பிய தண்ணீர் முழுவதும் எதிர்வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே தனியாக இருக்கும், சங்கரம்மாள் மைனி என்று கூப்பிடும் அருணாசலவடிவு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்து, வாசலோரம் இருந்த மோட்டார் சுவிட்சுப் பெட்டியை நோக்கிக் கை நீட்டினாள். சங்கரம்மாளுக்கு அவள் முகம் தெரியவில்லை. அங்கே தாணுலிங்கத்தின் முதுகுதான் தெரிந்தது.

"மைனி! கைய வைக்காதீய! மைனீ!"

அந்த அலறலில் அருணாசலவடிவின் கை அப்படியே நின்றது.

"தொடாம மாடிப்படியில ஏறுங்க! ஏறுங்க மைனி!"

அவள் ஏறும்வரை கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு மின்வாரியத்துக்குப் போன் போட்டுத் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொன்னாள்.

தண்ணீர் வடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போனாள். "ஒங்க வீட்டுக்குத் தண்ணிய நாந்தான் திருப்பிவிட்டேன்."

அருணாசலவடிவு நனைந்த பாயை உதறிக் கொடியில் போட்டாள். "என்னயக் கூப்பிட்டு நிறுத்துனதும் நீதான்" என்றாள்.

மேட்டை இடித்தார்கள். இரண்டு வீட்டுக் கேட்டுக்கும் குறுக்கே வாய்க்கால் வெட்டி, இரும்புக் கம்பி மூடி போட்டு, குழாய் பதித்துத் தெருமுனை ஓடையில் சேர்த்தான் நேசக்குமார். தூர்ந்துபோயிருந்த ஓடையைத் தெருக்காரர்கள் சேர்ந்து தோண்டினார்கள். அதற்குப் பிறகு எந்த மழைக்கும் இரண்டு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.

ஆனாலும் வானம் கறுத்தால் போதும், சங்கரம்மாள் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். மழை விட்டுத் தெரு காயும்வரை, பகலிலும் இருண்டு கிடக்கும் அந்த வீட்டில், கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.