தண்ணீர் வரும் நாளும் என் பூனையும்

என் பூனைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பைத்தியம் இல்லை, பயம். எதைக் கண்டு பயம் என்று கண்டுபிடித்தவள் நான். இந்த விஷயத்தில் அடக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

மயிலாப்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறோம். ஒரே ஒரு அறை, சமையலறை, குளியலறை. அவருக்கு தி.நகரில் துணிக்கடை வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். குட்டியாக வந்த பூனை என் தையல் மெஷினுக்கு அடியில்தான் வளர்ந்தது. அது மூத்திரம் போகக் குளியலறையில் மணல் தட்டு வைத்திருந்தேன். அதைத் தவிர வேறெங்கும் போகாது.

அப்படிப்பட்டது திடீரென்று கட்டிலில் போக ஆரம்பித்தது. மெத்தையில், மடித்து வைத்த லுங்கியில், ஒருமுறை தைக்க வந்த பட்டுத் துணியில். வயிற்றை நக்கி நக்கி முடி கொட்டித் தோல் தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் சங்கரா மீன் தலையை நீட்டினாலும் வராது.

கண் பட்டிருக்கிறது என்று நாத்தனார் காய்ந்த மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நாங்கள் இருமியதுதான் மிச்சம். பூனை இன்னும் உள்ளே போய் ஒடுங்கியது. வீட்டுக்காரர் அதைப் பிடித்து ஈரத்தில் மூக்கைத் தேய்த்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"யோவ், இன்னொரு தபா கை வெச்ச, சோறு கெடைக்காது உனுக்கு."

"ஞாயித்துக்கெழம வரிக்கும்தான் டைம். அப்பால திருவான்மியூர் பீச்சாண்ட வுட்டுட்டு வந்துருவேன். மீன் கீது, பொழச்சிக்கும்."

"நீ போய் பொழச்சிக்கோ அங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, மூச்சுவிட ஓட்டையும் போட்டு வைத்தார். மாடியை விட்டு இறங்கியே பழக்கமில்லாத பூனை அது. கடற்கரையில் நாய்கள் ஒரு நாள்கூட விட்டுவைக்காது.

பூனையைக் கூடையில் போட்டுத் துண்டால் மூடி அடையாறில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிறுநீரையும் சோதித்தார்.

"ஆண் பூனைக்கு யூரின் அடைச்சா உயிருக்கே ஆபத்து. அதான் முதல்ல அதைப் பார்த்தேன். அது இல்லம்மா. பயந்து போயிருக்கு. வீட்ல புதுசா எதாவது வந்துச்சா?"

"வாஷிங் மெஷின் வந்துச்சு. ஆனா மெஷின் சத்தத்துலயே வளந்தது சார் இது."

"எதுக்கும் கவனிச்சுப் பாருங்க. அடிக்க மட்டும் அடிக்காதீங்க."

கவனித்தேன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வரும் காலையில் குடம், பக்கெட், டிரம் எல்லாம் நிரப்பி, நிற்பதற்குள் துணியையும் வாஷிங் மெஷினில் போட்டுவிட வேண்டும். தண்ணீர் வராத நாளில் கட்டில் காய்ந்திருந்தது. வந்த நாளில் நனைந்தது. அடுத்த முறை தண்ணீர் வந்ததும் தையலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்தேன்.

பூனை தட்டில் ஏறி மணலைக் கிளறியது. பக்கத்தில் நான் போட்டிருந்த வாஷிங் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கியது. தரை மேடுபள்ளம். மெஷின் குதித்து நகர்ந்து தட்டில் இடித்தது. பூனையின் காது தலையோடு ஒட்டிக்கொண்டது. கண் முழுக்கக் கறுப்பானது. ஒரே ஓட்டம், நேராகக் கட்டிலுக்கு.

தையல் மெஷின் எவ்வளவு கத்தினாலும் இருந்த இடத்தை விட்டு நகராது. இது வந்து இடிக்கிறது. நாம் கக்கூசில் இருக்கும்போது யாராவது கதவை உதைத்தால் மறுபடி அந்தப் பக்கம் போவோமா?

தட்டை அறைக்குள், தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் மூலைக்கு மாற்றினேன். "வூட்டுக்குள்ளயா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். மெத்தையை நன்றாக அலசி வெயிலில் போட்டேன். அந்த அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே அவருடைய பழைய லுங்கியை விரித்து, பீரோ ஓரமாக வைத்தேன். பூனை அதற்குள் போனால் யாரும் இழுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத் தண்ணீர் நாள். துணியைப் போட்டேன். மெஷின் ஆடத் தொடங்கியதும் பூனை பெட்டிக்குள் போய்விட்டது. ஆட்டம் நின்றபின் மெதுவாக வெளியே வந்து, மூலைக்குப் போய், மணலைத் தோண்டி உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் நன்றாக மூடிவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாய்யா, பீச்சுக்குப் போலியா?"

குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "எப்டி எட்த்துகினு போறது? தூங்கிகினு கீது."

இப்போது வயிற்றில் முடி முளைத்துவிட்டது. தன் மிளகாய்தான் வேலை செய்தது என்கிறாள் நாத்தனார். அவளை ஒருநாள் தண்ணீர் நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன். நான் மெஷினைப் போடப் போனாலே என் வீட்டுக்காரர் கத்துவதை அவளும் கேட்கட்டும்: "இருமே, அவன் பொட்டிக்குள்ள போவட்டும்."