தூக்கிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தேன். மிதித்தால் மூச்சு வாங்குமே என்று எலெக்ட்ரிக் சைக்கிள். அதிலும் மலையேறும் ரகம். முடிச்சூரில் எங்கள் தெருவிலிருக்கும் ஒரே மேடு வேகத்தடைதான்.

"நீங்க எங்க இளைக்கப் போறீங்க? அந்த மோட்டார்தான் இளைக்கும்" என்றாள் மனைவி.

எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளம் புகுந்துவிடும், கீழே எதையும் விட்டுவைக்க முடியாது. ஆகவே எடை குறைந்ததாகத் தேடினேன். கடை கடையாக ஏறி, எதையும் ஓட்டிப் பார்க்காமல் தூக்கித் தூக்கி வைத்தேன். குரோம்பேட்டைக் கடைக்காரர் பொறுமையிழந்து, "சார், ஓட்டப் போறியா, தூக்கிக்கினே போகப் போறியா?" என்றார்.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் பழைய சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்தது. மனைவியும் உடன் வந்தாள். விற்பவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும் இன்ஜினீயர். வாசலில் நின்ற சைக்கிளை ஒரே கையால் தூக்கி, தலைக்கு மேல் கொண்டுபோகாத குறையாக மனைவிக்குக் காட்டினேன்.

"பாத்தியா? இதுக்குத்தான் இத்தனை நாள் அலைஞ்சேன்."

"சார், பேட்டரி உள்ள சார்ஜ்ல இருக்கு. எடுத்துட்டு வரேன்" என்றார் அவர்.

பேட்டரியைப் பச்சைக்குழந்தைபோல் இரு கைகளிலும் ஏந்திவந்து சட்டத்தில் பொருத்தினார். மறுபடி தூக்கினேன். பின்சக்கரம் தரையை விட்டு அசையவில்லை. மனைவி நாகரிகமாக எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் லைட்டாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வாங்காமல் எப்படித் திரும்புவது?

அன்று மாலை அதைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், நெஞ்சு வலியா?" என்று பதறினார். மனைவி சாவியை வாங்கி, பேட்டரியைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றாள். எனக்கு அது தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிறு விடியலில், மலைக்குப் பதிலாக வெளிவட்டச் சாலை மேம்பாலத்தில் ஏறினேன். மோட்டார் முனகாமல் இழுத்துப்போனது. உச்சியில் காற்று முகத்தில் அடித்தபோது, சின்ன வயதில்கூட இப்படி ஓட்டியதில்லை என்று தோன்றியது. யாருமில்லையென்று நினைத்து 'ஓ'வென்று கத்தினேன்.

பின்னால் வந்த பால் வண்டிக்காரர் சடாரென்று நிறுத்தினார். "இன்னா சார், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. சந்தோஷம்."

என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் கொஞ்சம் தள்ளியே ஒதுங்கிப் போனார்.