நீத்துப்பூசணியும் நாலு கம்பங்களும்

பிரான்சில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய ஒரே யாழ்ப்பாணத்தான் நான்தான். நம்பாதவர்கள் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் வந்து விசாரிக்கலாம்.

அங்கே ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். காலையில் லொறி வந்ததும் மேலே நிற்பவர் நீத்துப்பூசணிகளை எறிவார், நான் கீழே நின்று பிடிப்பேன். நடைபாதையில் சனம் போய்வரும் என்பதால் எட்டித் தலைக்கு மேலேயே பிடித்தாக வேண்டும். ஒருநாள் அந்த வழியால் போன ஆஸ்திரேலியர் ஒருவர் அதைக் கண்டு நின்றுவிட்டார். கடைசிக் காய் இறங்கும்வரை நகரவில்லை. தங்கள் நாட்டுக் கால்பந்தைப் பாரிசில் ஆடும் ஒரு குழுவுக்கு அவர் கப்டன். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாமாம். முன்கள வீரர் ஒருவர் குறைகிறாராம். அடுத்த சனிக்கிழமையே நான் முன்கள வீரன்.

கடை முதலாளி எங்கள் எல்லோருக்கும் அண்ணை. அவர் கடையின் பெயரைத் தமிழில் என் சட்டை முதுகில் அச்சடித்து, சனிக்கிழமை லீவுக்கும் சம்பளம் தந்தார். இப்படித்தான் நான் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன்.

ஆட்டம் இதுதான். வரிசையாக நாலு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. வெள்ளைக் கோட் போட்ட நடுவர் இரண்டு கொடிகளை ஆட்டுவார். பக்கத்து இடைவெளியால் போனால் ஒரு புள்ளி, ஒரு கொடி. குறி தவறியவனுக்கும் புள்ளி போடும் பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. எவனுடைய தலைக்கு மேலால் வந்தாலும் பந்தைப் பிடித்துவிடுவேன். உதைக்கத்தான் வராது. நாலு வருடத்தில் ஒரு கோல்கூட இல்லை, எல்லாம் ஒற்றைக் கொடி.

பார்க்க வந்த அண்ணையும் கடைச்சனமும் ஒரு கொடி ஆடினால் கோல் என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். மற்றவர்கள் உதைத்து இரண்டு கொடி ஆடினால், அது இரண்டாவது எச்சரிக்கை என்று அண்ணை விளக்கம் சொன்னார். முதல் நாளே நான் திருத்தியிருக்கலாம். கைதட்டல் நன்றாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு மெல்பேர்னிலிருந்து மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, இருபது வருடமாக அங்கே இருப்பவன். "அத்தான்ரை மட்ச் பாக்கவேணும்" என்றான். அந்த ஊரில் குழந்தைக்கும் இந்த ஆட்டத்தின் சட்டம் தெரியும். அவன் வாய் திறந்தால் அண்ணைக்கு முன்னால் என் மானம் கப்பலேறும். அன்றைக்கு ஒரு கோலாவது அடித்தே ஆகவேண்டும்.

மூன்று தடவை பிடித்து உதைத்தேன், மூன்றும் ஒற்றைக் கொடி. கடைசி நிமிடத்தில் கம்பங்களுக்கு நேர் எதிரே மறுபடி பிடித்தேன். பிடித்தவன் ஆறுதலாக நின்று உதைக்கலாம், யாரும் தொடக்கூடாது. நல்லூர் முருகனை நினைத்து உதைத்தேன். பந்து நடுக் கம்பம் ஒன்றில் டங்கென்று பட்டது. கம்பத்தில் பட்டாலும் ஒரு புள்ளிதான். கொடி ஒன்று ஆடியது. எங்கள் சனம் துள்ளிக் குதித்தது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணை பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் கலையமாட்டார்கள். அதையும் தூரத்து விருந்தாளிதான் போர்த்தவேண்டும். மச்சானின் கையில் கொடுத்தார்.

"மெல்பேர்னிலை இருந்து வந்திருக்கிறியள், நீங்கள்தான் போத்தவேணும். இண்டைக்கு மட்டும் நாலு கோல்."

மச்சான் என்னைப் பார்த்தான், பொன்னாடையைப் பார்த்தான். "நாலு கோலோ? அண்ணை, அது வந்து..."

"தம்பி," என்றாள் ஆட்டம் பார்க்க அவனோடு வந்திருந்த என் மனைவி. "போத்து."

அவன் போர்த்தினான். படம் எடுத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள்.

எங்கள் வீடிருக்கும் ஒபர்வில்லியேக்குத் திரும்பும் மெத்ரோ ரயிலில் எனக்கு மனம் பொறுக்கவில்லை, மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சரும், நான் ஒருநாளும் கோல் அடிக்கேல்லை."

"தெரியும். முதல் வருசமே இந்த ஆட்டத்தின்ரை சட்டத்தை ஃபோனிலை வாசிச்சனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவள் என் தோளில் கிடந்த பொன்னாடையின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

"மற்ற நாளெல்லாம் மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறியள். சனிக்கிழமையிலை மட்டும்தான் சிரிச்சுக்கொண்டு வீட்டை வாறனீங்கள். அதை ஏன் நான் கெடுப்பான்?"